லாண்டிரி அண்ணியும் ரேடியோவும்

அந்தத் தெருவில் பெண்களுக்குப் பெயர் நிலைப்பதில்லை. எந்த வேலைக்குப் போகிறாளோ அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும். விடிந்தும் விடியாமலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவள் பால் பூத்து. அவளுக்குப் பின்னால் கைப்பையை இடுக்கிக்கொண்டு நடப்பவள் பள்ளிக்கூடத்து ஆயா. தையல் கம்பெனிக்குப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. வேன் ஹாரன் அடித்தால் பாதி சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடும். மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவள், பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கிறவள் என்று ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தெரு காலியாகிவிடும். ஆண்களைக் கேட்டால் மட்டும் யார் வீட்டிலும் யாரும் வேலைக்குப் போகவில்லை. "வீட்ல சும்மா இருக்க முடியலன்னு போறா" என்பார்கள். அந்தச் 'சும்மா' ஒரு மாதம் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இவளுக்கு லாண்டிரி அண்ணி என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவில் இருந்த சலவைக்கூடத்தில் ஷிப்ட் தலைவி. லாண்டிரி சரி, அண்ணி எங்கிருந்து வந்தது என்றால், அது அவள் நாத்தனாரின் உபயம். புருஷனின் தங்கை. அவள் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "அண்ணீ...!" என்று இழுத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைக்காரன் முதல் காய்கறி வண்டிக்காரன் வரை எல்லாருக்கும் இவள் அண்ணியாகிப் போனாள்.

அந்த நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவாள். அதுவும் சந்தேகம் என்று அவள் அண்ணனே சொல்வான். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து, பேசிக் காட்டுவாள். கடன்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாலும், அவன் தெரு முனை திரும்புவதற்குள் அவன் குரலிலேயே இன்னொரு முறை கத்தி வீட்டைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவள் முதலில் வேலை பார்த்தது ஒரு பியூட்டி பார்லரில். வாய்க்குச் சமமாகக் கையும் ஓடும். எப்படிப்பட்ட முடியையும் பத்து விரலால் கோதிப் பார்த்தே எந்தப் பக்கம் படியும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணப் பெண்கள் அவள்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அண்ணியின் மகள் பாப்பாவுக்குத் தினம் ஒரு தினுசாகப் பின்னி அனுப்புவாள். பள்ளிக்கூடத்து டீச்சர்களே பாப்பாவை நிறுத்தித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அங்கிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு வந்து சலவைக்கூடத்தில் நட்டது அண்ணிதான்.

"முடி வெட்டுறதெல்லாம் ஒரு வேலையாடி? இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. ஆஸ்பத்திரி வேலைன்னா மாப்பிள்ளை வீட்ல ஒரு மரியாதை."

"அண்ணி, இங்க அழகுத் தலை, அங்க அழுக்குத் துணி. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

"அழகு சோறு போடாது."

போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அண்ணியின் கணக்கு வேறு. ஷிப்டில் ஒரு இடம் காலியாகி இருந்தது. வேற்று ஆள் வந்தால் ஆயிரம் கேள்வி கேட்பாள், எதிர்த்துப் பேசுவாள். சொந்தப் பிள்ளை என்றால் சொன்னதைக் கேட்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோவும் அண்ணியின் பேச்சைத் தட்டிப் பழகாதவள்; தாய் இல்லாத வீட்டில் அண்ணி வந்த பிறகுதான் வேளைக்குச் சாப்பிட்டாள். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் நாள் முடியை இறுக்கி முடிந்துகொண்டு அண்ணியின் பின்னால் நடந்தாள்.

சலவைக்கூடம் அனலாகக் கொதிக்கும். வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் விரிப்புகளை ஒரு பக்கம் பிரிப்பார்கள். இரத்தம் பட்டது தனி, மற்றது தனி. அண்டா மாதிரி சுற்றும் மெஷின்களில் துவைத்துப் பிழிந்து, கடைசியில் உருளை மெஷினுக்கு வரும். அது இஸ்திரி போடுகிற மெஷின். கொதிக்கிற இரண்டு பெரிய உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரவிரிப்பின் முனையைப் பிடித்து நேராகக் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. கை அதைத் தாண்டி உள்ளே போனால் கம்பி நகரும், மெஷின் நின்றுவிடும்.

சிக்கல் என்னவென்றால், கை போகாதபோதும் நின்றது. துணியின் ஈரமுனை கம்பியில் தட்டினாலே போதும். நின்றால் உள்ளே மாட்டிய விரிப்பு கருகும். மறுபடி சூடேறக் காத்திருக்க வேண்டும். மேலேயிருந்து வார்டு வார்டாக ஆள் வந்து கத்தும். மேனேஜர் இறங்கி வருவான். எப்போதும் கழுத்தில் டை கட்டியிருப்பான் என்பதால் பெண்கள் அவனுக்கு வைத்த பெயரும் டைதான்.

"கம்பியைச் சரி பண்ணச் சொல்லி மூணு தடவை சொல்லிட்டேன் சார்," என்றாள் அண்ணி.

"ஆள் வரும்மா. அதுவரைக்கும் வேலை நிக்கக் கூடாது."

"நிக்குதே சார்."

"வேலை நடக்கணும். எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்." சொல்லிவிட்டு டையைத் தடவிக்கொண்டே படியேறிப் போய்விட்டான்.

அண்ணி ஒரு பழைய விரிப்பின் ஓரத்தைக் கிழித்தாள். கம்பியை நகராதபடி இழுத்துப் பக்கத்துத் தூணோடு சேர்த்துக் கட்டினாள். மெஷின் அதற்கப்புறம் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரி மெஷின் இல்லையா, அதுக்கும் அடிபட்டிருக்கு. எங்கண்ணி கட்டுப் போட்டு விட்டாங்க," என்றாள் ரேடியோ. கூடமே சிரித்தது. பிறகு டை மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டு, "எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். மறுபடி சிரித்தது. அண்ணிகூடச் சிரித்தாள். அந்த மாதம் முழுக்க வார்டிலிருந்து ஒருத்தரும் வந்து கத்தவில்லை. டை, அண்ணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். பெரிய விருது கிடைத்த மாதிரி அவள் அதை வீட்டில் வந்து சொன்னாள்.

அது நடந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். ரேடியோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது உண்மைதான். அவள் எப்போது சொல்லாமல் இருந்தாள்? ஒரு விரிப்பின் ஓரம் மடங்கி உள்ளே போனது. மடிப்பு விழுந்தால் திரும்பவும் நனைத்துப் போட வேண்டும். அதை நீவி விடக் கையை நீட்டினாள். எல்லாரும் தினம் செய்வதுதான். துணி சுருண்டு விரல்களோடு சேர்ந்து உள்ளே போனது.

அண்ணி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அணைத்த பிறகும் உருளை சற்று நேரம் சுற்றித்தான் நின்றது. அந்தக் கத்தலை அவள் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. உருளையைப் பிரித்து, ஆள் மேல் ஆள் விழுந்து, துணிவண்டியிலேயே அவளைத் தூக்கிப் போட்டு ஓடினார்கள். மேலே போக லிப்ட் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தது நல்லதாகப் போயிற்று என்று அப்புறம் நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள்.

எல்லாரும் வண்டியோடு ஓட, அண்ணி ஓடவில்லை. அவள் தூணருகே போனாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நோண்டி, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். அந்தத் துணியை இரத்தத் துணிக் கூடையில் ஆழமாகத் திணித்தாள். அதற்குப் பிறகுதான் மேலே ஓடினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை அதுவாகச் செய்தது. ஆனால் செய்து முடித்த பிறகு மனசு ஒரு கணம் ஆசுவாசப்பட்டது. அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வலது கை. கட்டை விரல் ஒன்றுதான் பிழைத்தது.

மறுநாள் டை கூப்பிட்டு அனுப்பினான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"இங்க பாரும்மா, விசாரணைக்கு ஆள் வரும். கம்பியைக் கட்டினது யாருன்னு கேட்டா, நான் கட்டச் சொல்லல. அது உனக்கே தெரியும். நீதான் ஷிப்ட் பொறுப்பு. உன் வேலையும் போகும், கேஸும் வரும். கம்பி சரியா இருந்துச்சுன்னா, அது விபத்து. ஆஸ்பத்திரி வைத்தியத்தைப் பார்த்துக்கும். கை ஆறினதும் உன் நாத்தனாருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு போட்டுத் தரேன்."

விசாரணைக்கு வந்தவள் ஒரு பெண் அதிகாரி. காலில் சாதாரணச் செருப்பு, தோளில் துணிப்பை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கம்பியைத் தொட்டு நகர்த்தினாள். பக்கத்துத் தூணில் பெயிண்ட் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இந்தக் கம்பி அன்னிக்கு வேலை செஞ்சுதா? பயப்படாம சொல்லுங்க."

"செஞ்சுது மேடம்."

"நிச்சயமாவா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அவ..." அண்ணி தூணைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தாள். "அவ பேசிக்கிட்டே கையை விட்டுட்டா."

சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. அதிகாரி மாடிக்கு, ரேடியோ படுத்திருந்த வார்டுக்குப் போனாள். அண்ணி கதவுக்கு வெளியே நின்றாள்.

"உங்க அண்ணி, நீங்க பேசிட்டே கையை விட்டதாச் சொல்றாங்க. அப்படித்தானா?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ரேடியோவின் குரல் கேட்டது. "ஆமா மேடம். என் வாய்தான். எல்லாருக்கும் தெரியுமே."

அண்ணி சுவரோடு சாய்ந்துகொண்டாள். வேலை தப்பித்தது. வீடு தப்பித்தது. அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த ரேடியோ பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் அண்ணி திருப்பித் திட்டியிருப்பாள், அழுதிருந்தால் கூட அழுதிருப்பாள். ஒன்றுமில்லாமல், இடது கையால் சோற்றை அள்ளிச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறவள் எதிரில் உட்கார்ந்து என்ன செய்வது? ஒரு நாள் ஊட்டி விடப் போனாள். "வேண்டாம், பழகிக்கணும்ல" என்றாள் ரேடியோ.

வந்துகொண்டிருந்த ஒரு சம்பந்தமும் நின்று போனது. காரணம் எதுவும் சொல்லாமல், வருவதாகச் சொன்னவர்கள் வராமல் இருந்துவிட்டார்கள். பாப்பாவுக்கு அண்ணி தலை வாரிவிட்டால் அது பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். "உனக்கு வரலம்மா. அத்தை சொல்லித் தர்றாங்க, நானே போட்டுக்கிறேன்" என்று அது சீப்பைப் பிடுங்கிக்கொண்டு அத்தையின் அறைக்கு ஓடிவிடும். அங்கே மட்டும் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்கும். அண்ணி போனால் நின்றுவிடும்.

டை சொன்ன உட்காருகிற வேலை வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்மா" என்றான். அப்புறம் அவனைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி, துணி துவைக்கிற வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டது. லாரி வந்து அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு போகும், வெளுத்துக் கொண்டுவந்து இறக்கும். சலவைக்கூடத்தைப் பூட்டினார்கள். பெண்களை ஒரு திங்கட்கிழமை வாசலிலேயே நிறுத்தி, இனி வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணி அத்தனை பேருக்கும் முன்னால் போய், "நான் ஷிப்ட் பொறுப்பு சார்" என்றாள். "ஷிப்டே இல்லையேம்மா" என்றான் டை.

அவள் நேராக அந்தப் பெண் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். கம்பியைக் கட்டியது, டை சொன்னது, அவிழ்த்தது, மிரட்டியது என்று மூச்சு விடாமல் கொட்டினாள். அதிகாரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே நான் ரெண்டு தடவை கேட்டேனேம்மா."

"பயந்துட்டேன் மேடம்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நீங்க சொன்னா மட்டும் பத்தாது. கை போனது அவங்களுக்கு. அவங்க வந்து, அன்னைக்குச் சொன்னது பொய்னு சொல்லணும். அப்பத்தான் கேஸைத் திரும்ப எடுக்க முடியும்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். புருஷன் திண்டாடிக் கிடைத்த பெயிண்ட் வேலையை முடித்துவிட்டு, கையில் ஒட்டிய சாயத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் எதையோ எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனுக்கு முன்னாலேயே சொன்னாள். அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

"நாளைக்கே போவோம்டி. அந்த டைக்காரனை விடக் கூடாது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ரேடியோ பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு என்னை வண்டியில போட்டுத் தள்ளிட்டுப் போனப்ப திரும்பிப் பார்த்தேன். நீங்க பின்னாடி வர்றீங்களான்னு. நீங்க வரல. பல்லால முடிச்சைக் கடிச்சுட்டு இருந்தீங்க."

அண்ணியின் முகம் வெளுத்தது. "பார்த்தியா? பார்த்துட்டும் ஏன்டி எனக்காக..."

"உங்களுக்காக இல்ல. பாப்பாவுக்காக. உங்க வேலை போச்சுன்னா அது பள்ளிக்கூடத்தை விடணும். அதான் பொய் சொன்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பொய் சொன்னதுகூட வலிக்கல. 'பேசிக்கிட்டே கையை விட்டுட்டா'ன்னீங்களே. வேற எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? மயக்கம் வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். கால் வழுக்குச்சுன்னு சொல்லியிருக்கலாம்."

"தப்புதான்டி. அதான் இப்ப சரி பண்ணலாம்னு..."

"உங்க வேலை இருந்த வரைக்கும் இது உங்களுக்குத் தோணலயே. வேலை போன ஆத்திரம், அதுக்கு என் கை வேணும். அன்னிக்கு வேலையைக் காப்பாத்த என் வாய் வேண்டியிருந்துச்சு. நான் வரல."

புருஷன் சாயத்துணியோடு நின்றான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. நான் எப்படியாவது..." என்று ஆரம்பித்தான்.

"எப்படியாவது?" அண்ணி சீறினாள். "வருஷத்துல பாதி நாள் மழைன்னு வீட்ல இருப்பீங்க. மீதி நாள் ஆள் கூப்பிடலம்பீங்க. யாரை நம்பி நான் உண்மை பேசுறது?"

அவன் மறுபடி கைச்சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்த வாரம் ரேடியோ பழைய பார்லருக்குப் போனாள். பார்லர்க்காரம்மா அவள் கையைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கத்து மேஜையைக் காட்டி, "இங்க உட்காரு. போன் எடு, வர்றவங்ககிட்டப் பேசு. அதுக்கு உன்னை விட்டா யாரு?" என்றாள். முடியைத் தொடுகிற வேலை இல்லை. உள்ளே மற்றப் பெண்கள் கத்தரியை ஓட்டுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனாலும் போனாள். கொஞ்ச நாளில் பார்லர் பெண் ஒருத்தியோடு சேர்ந்து அறை எடுத்துக்கொண்டு துணிமணியை எடுத்துப் போய்விட்டாள். சண்டை போட்டுப் போகவில்லை. "தூரம் அதிகமா இருக்கு" என்றாள். நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது.

அண்ணிக்கு ஒரு லாட்ஜில் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. மெஷின் கிடையாது, கல்லும் கையும்தான். மாலையில் முதுகு நிமிராது. சலவைக்கூடத்துப் பெண்களில் ஒருத்தி எப்போதாவது எதிரில் வந்தால், "நல்லா இருக்கியா அண்ணி?" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும்.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டதும் பார்லருக்குப் போய் அத்தையோடு உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் சரியான மழை. லாட்ஜிலிருந்து வந்த அண்ணி, பிள்ளை நனையப் போகிறதே என்று பார்லர் வரை போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். உள்ளே ரேடியோ மேஜைமேல் சாய்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். முடி வெட்ட உட்கார்ந்திருந்த பெண்மணி, போர்த்திய துணி நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள். கத்தரி பிடித்தவள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கதவு மூடியிருந்ததால் என்ன சொன்னாள் என்று அண்ணிக்குக் கேட்கவில்லை.

அப்புறம் ரேடியோ அவளைப் பார்த்தாள். சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது. பாப்பாவின் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வந்தாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"குடை இருக்கா?"

"இருக்கு."

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு. நீ சாப்பிட்டியா?"

"ம்."

பாப்பா ஒருத்தி முகத்தை மாற்றி ஒருத்தி முகத்தைப் பார்த்தது. ரேடியோ பையை அதன் தோளில் மாட்டி, நெற்றியில் விழுந்த முடியைக் கட்டை விரலால் ஒதுக்கிவிட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அண்ணி குடையை விரித்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"அத்தை என்னடி சொன்னா, எல்லாரும் அப்படிச் சிரிச்சீங்க?" என்று பாதி வழியில் கேட்டாள்.

பாப்பா யோசித்தது. "உனக்குப் புரியாதும்மா" என்றது.